மானிப்பாய் டாக்டர்: சாமுவேல் பிஸ்க் கிறீன் (1822 – 1884)

தோட்டப்புறத்தில் பிறந்து வளர்ந்த நம் தாத்தா பாட்டியிடம் பழைய நாள் மருத்துவத்தைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். ஜித்ராவைச் சுற்றிக் கண்ணுக்கெட்டிய வரை நெல்வயல்தான். ஆனாலும் கெடாவின் நடுவிலும் தெற்கிலும் பால்மரம் சீவிய குடும்பங்களின் பிள்ளைகள் இந்த வட்டாரத்தில் நம்மோடு பலர் படித்திருக்கிறார்கள். அந்தப் பெரியவர்கள் முதலில் சொல்வது டாக்டரைப் பற்றி இராது. டிரசரைப் பற்றியே இருக்கும். வெள்ளைக்கார டாக்டர் எப்போதாவது வந்து போவார். காய்ச்சலுக்குக் கசப்பு மருந்து கொடுத்தவரும், வெட்டுக்காயத்துக்குக் கட்டுப் போட்டவரும், நடுராத்திரியில் எழுப்பினால் விளக்கோடு வந்தவரும் டிரசர்தான். அவரிடம் வலி எங்கே, எப்படி என்று சொல்ல முடிந்தது. டாக்டரிடம் கையைக் காட்டித்தான் சொல்ல வேண்டியிருந்தது.

நோயாளி ஒரு மொழியிலும் மருத்துவம் இன்னொரு மொழியிலும் இருப்பது சாதாரணக் குறையாக நமக்குத் தோன்றலாம். அதைப் போக்குவதையே தம் வாழ்நாள் வேலையாக எடுத்துக்கொண்டவர் ஒருவர் 19ஆம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்தில் இருந்தார். அவர் தமிழர் அல்லர், அமெரிக்கர். தமிழில் மேலை மருத்துவத்தைக் கற்பித்தவர், தமிழ் வழியே டாக்டர்களை உருவாக்கியவர், அதற்காக ஆயிரக்கணக்கான பக்கங்களில் தமிழ் நூல்களை வெளிக்கொணர்ந்தவர். சாமுவேல் பிஸ்க் கிறீன் என்ற அந்தப் பெயரைத் தமிழ் மொழிக் கழகத்தில் இருக்கும் நாம் அறிந்திருக்க வேண்டும் என்பதே இக்கட்டுரை எழுதக் காரணம்.

கிறீன் 1822ஆம் ஆண்டு அக்டோபர் 10ஆம் நாள் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் வூஸ்டர் நகரில் பிறந்தார். 'கிறீன் ஹில்' என்னும் குடும்பப் பண்ணையில் பல பிள்ளைகளோடு வளர்ந்தவர். இளம் வயதிலேயே தாயை இழந்தார். அவருக்கு இரண்டு வயது மூத்த அண்ணன் ஆண்ட்ரூ ஹாஸ்வெல் கிறீன் பின்னாளில் நியூயார்க் நகரத்தை வடிவமைத்த பெருமக்களில் ஒருவரானார். அந்நகரின் சென்ட்ரல் பார்க் பூங்கா உருவானதில் அவருக்குப் பெரும் பங்குண்டு. ஒரே வீட்டில் பிறந்த இருவரில் ஒருவர் உலகத்தின் மிகப் பெரிய நகரங்களில் ஒன்றுக்கு உழைத்தார். மற்றவர் பனைமரமும் கிணறும் புகையிலைத் தோட்டமுமாக இருந்த ஒரு சிறு தீபகற்பத்துக்கு வந்து சேர்ந்தார்.

1845இல் நியூயார்க்கில் மருத்துவப் பட்டம் பெற்றார். அக்காலத்து மருத்துவம் எந்த நிலையில் இருந்தது என்பதை நாம் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். ஈதர் கொடுத்து நோயாளியை மயக்கி அறுவை செய்யலாம் என்று பாஸ்டனில் காட்டப்பட்டதே 1846இல்தான். கிருமிகளால் நோய் வருகிறது என்பது அப்போது யாருக்கும் உறுதியாகத் தெரியாது. காயத்தில் சீழ் பிடிக்காமல் காக்கும் முறையை லிஸ்டர் வெளியிட்டது 1867இல். ஆகவே கிறீன் கொண்டுவந்த மருத்துவம் எல்லாம் தெரிந்த மருத்துவம் அன்று. தெரியாததைத் தெரியாது என்று ஒப்புக்கொண்டு, உடலை அறுத்துப் பார்த்துப் படித்து, ஒவ்வோர் ஆண்டும் திருத்திக்கொண்டே வந்த மருத்துவம் அது.

1847 ஏப்ரலில் பாஸ்டனில் கப்பல் ஏறி, அக்டோபரில் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தபோது அவருக்கு வயது 25. அமெரிக்க மிஷனரிமார் 1816 முதலே யாழ்ப்பாணத்தில் இருந்தார்கள். வட்டுக்கோட்டையில் 1823இல் அவர்கள் தொடங்கிய செமினரி உயர்கல்விக்குப் பெயர்பெற்றது. தமிழ்ப் பழநூல்களைப் பதிப்பித்த சி. வை. தாமோதரம்பிள்ளை அங்கே படித்தவர்தான். மருத்துவமும் அவர்களுக்குப் புதிதன்று. 1819இல் வந்த ஜான் ஸ்கடர் பண்டத்தரிப்பில் மருத்துவம் பார்த்தார். வேலூர் மருத்துவமனையை நிறுவிய ஐடா ஸ்கடர் அவருடைய பேத்தி. ஸ்கடருக்குப் பின் நேதன் வார்ட் வந்தார். அவருடைய இடத்தை நிரப்பத்தான் கிறீன் அனுப்பப்பட்டார். வட்டுக்கோட்டையில் சில காலம் இருந்துவிட்டு, 1848இல் மானிப்பாயில் மருந்தகம் அமைத்தார்.

மானிப்பாய் என்ற ஊரைத் தமிழ் மாணவர்கள் வேறு வழியிலும் அறிவார்கள். 58,500 சொற்கள் கொண்ட மானிப்பாய் அகராதி 1842இல் அங்கே மிஷன் அச்சகத்தில் அச்சானது. கிறீன் வந்து இறங்கிய ஊர் சொற்களுக்குப் பழகிய ஊர்.

அங்கே மருத்துவமே இல்லை என்று எண்ண வேண்டாம். யாழ்ப்பாண அரசர் காலத்தில் செகராசசேகரம், பரராசசேகரம் முதலிய வைத்திய நூல்கள் எழுந்த மண் அது. ஊருக்கு ஊர் பரியாரிமார் இருந்தார்கள். நாடி பார்ப்பதிலும் மூலிகையிலும் தேர்ந்தவர்கள் அவர்களில் உண்டு. ஆனால் எலும்பு நொறுங்கிய கை, உடலுக்குள் வளர்ந்த கட்டி, பிரசவத்தில் குறுக்கே திரும்பிய குழந்தை, கண்ணில் விழுந்த படலம் என்று கத்தி எடுக்க வேண்டிய இடத்தில் பரியாரியின் கை ஓய்ந்தது. கொள்ளைநோயும் அம்மையும் வந்தால் அம்மன் கோபம் என்று மக்கள் கோயிலை நாடினார்கள். நம் தோட்டங்களில் மாரியம்மன் கோயில் இருக்கும் இடத்தைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. வெள்ளைக்காரன் கத்தியைக் கண்டு முதலில் அஞ்சியவர்கள், அதனால் பிழைத்தவனைக் கண்ட பின் வந்தார்கள். நாளடைவில் ஆண்டுக்கு ஆயிரக்கணக்கில் வந்தார்கள்.

இங்கே ஒரு கேள்வி எழும். மிஷனரி மருத்துவர் மருந்து கொடுத்தது மதம் மாற்றத்தானே? நம்மில் பெரும்பாலோர் சைவக் குடும்பத்தினர்; இக்கேள்வியைக் கேட்காமல் கடந்து போக முடியாது. கிறீன் தம் நோக்கத்தை மறைத்தவர் அல்லர். தம்மைச் சுவிசேஷகர் என்றுதான் அவர் கருதினார். மருந்தகத்தில் வேத வாசிப்பும் ஜெபமும் நடந்தன. சைவ வழிபாட்டைப் பற்றி அவரும் அவர் காலத்து மிஷனரிமாரும் கொண்டிருந்த எண்ணங்கள் பலவற்றை இன்று நாம் ஏற்க முடியாது. ஆனால் மருந்தைத் தூண்டிலில் கோத்த புழுவாக அவர் நினைத்தார் என்று சொல்ல அவருடைய வாழ்க்கை இடம் தரவில்லை. கும்பிட்டவனும் கும்பிடாதவனும் அவரிடம் ஒரே கட்டிலில்தான் படுத்தார்கள்.

அவரை அனுப்பிய அமெரிக்கச் சபையின் பார்வை வேறு. பிரசங்கமே முதல் வேலை. மருத்துவம் அதற்குத் துணை, மிஷனரிக் குடும்பங்களின் உடல்நலத்துக்குக் காவல் என்பது அங்கே பலருடைய எண்ணம். கிறீன் அப்படிப் பிரித்துப் பார்க்கவில்லை. இயேசு நோயாளிகளைக் குணமாக்கினார், உபதேசமும் செய்தார்; சீடர்களை அனுப்பியபோதும் இரண்டையும் செய்யச் சொல்லியே அனுப்பினார். இது எல்லாக் கிறிஸ்தவர்களுக்கும் தெரிந்த கதைதான். கிறீனிடம் அது அன்றாட வேலைத் திட்டமாக மாறியது. காலையில் நோயாளி, பகலில் மாணவர், இரவில் மொழிபெயர்ப்பு என்று நாள்கள் கழிந்தன.

மாணவர்கள் 1848இலேயே வந்துவிட்டார்கள். முதலில் மூவர். ஒருவர் எத்தனை பேருக்குத்தான் மருந்து கொடுக்க முடியும்? தாம் இறந்தாலோ ஊர் திரும்பினாலோ நின்றுபோகும் உதவி அவருக்குப் போதவில்லை. செமினரியில் படித்த இளைஞர்கள் ஆங்கிலம் அறிந்தவர்கள் என்பதால், பாடமும் ஆங்கிலத்தில்தான் நடந்தது. ஆங்கில நூல்கள், ஆங்கில விரிவுரை, பக்கத்திலேயே நோயாளிகள். கொழும்பில் அரசாங்க மருத்துவப் பள்ளி தொடங்கியது 1870இல் என்பதை நினைத்தால், மானிப்பாய் அதற்கு 22 ஆண்டுகள் முந்தியது.

மாணவர்கள் நன்றாகப் படித்தார்கள். படித்து முடித்ததும் பலர் ஊரில் தங்கவில்லை! ஆங்கிலம் தெரிந்த மருத்துவ உதவியாளருக்கு அரசாங்க வேலை காத்திருந்தது. மாதச் சம்பளம், பதவி, மரியாதை எல்லாம் வெளியூரில் இருந்தன. மானிப்பாய்க்காரனுக்கும் சங்கானைக்காரனுக்கும் என்று உருவாக்கிய டாக்டர் வேறெங்கோ போய்விட்டார். போனவர்களைக் குறை சொல்ல நமக்கு வாயில்லை. பட்டம் வாங்கிய கையோடு பினாங்குக்கும் கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் பேருந்து ஏறுகிறவர்கள்தானே நாம்.

கிறீன் வேறு விதமாக யோசித்தார். தமிழில் மருத்துவம் படித்தவன் தன் ஊரில் தன் மக்களோடு இருப்பான். அவனுடைய படிப்பு அவனை ஊரிலிருந்து பிடுங்கி எறியாது. தான் கற்றதை அக்கம்பக்கத்தாருக்கு அவர்களுக்கு விளங்கும் சொல்லில் எடுத்துச் சொல்லவும் அவனால் முடியும். கிணற்றுநீரை ஏன் காய்ச்ச வேண்டும், பிள்ளை பெற்றவளை ஏன் காற்றில்லாத அறையில் அடைக்கக் கூடாது என்பவற்றை ஆங்கிலத்தில் கற்றவன் மனத்தில் மொழிபெயர்த்துத்தான் சொல்ல வேண்டும். தமிழில் கற்றவனுக்கு அந்த வேலை மிச்சம். எல்லாக் கிராமத்துக்கும் ஒரு மருத்துவன் என்பதே அவருடைய கனவு. அந்தக் கனவுக்குத் தமிழைத் தவிர வேறு வழி அவருக்குத் தெரியவில்லை.

1850களிலேயே இதற்கான வேலையைத் தொடங்கிவிட்டார். தமிழைக் கற்றார்; கட்டர் என்பவர் பள்ளி மாணவருக்கு எழுதிய உடல்நூலைத் தமிழாக்கினார். அங்காதிபாத சுகரண வாத உற்பாலன நூல் என்று அதற்கு நீண்ட பெயர். 1857இல் பிரசவ வைத்தியம் வந்தது. அவர் முதலில் கையிலெடுத்த நூல்களுள் தாயையும் சேயையும் காக்கும் நூல் ஒன்று என்பது என் மனத்தைத் தொட்ட செய்தி.

உழைப்பு உடலை வாட்டியது. 1857இல் தாயகம் திரும்பினார். திரும்பியவர் அங்கேயே தங்கியிருக்கலாம். ஆனால் 1862இல் மார்கரெட் வில்லியம்ஸை மணந்து, அமெரிக்க உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த அதே ஆண்டில், மனைவியோடு மீண்டும் யாழ்ப்பாணத்துக்குக் கப்பல் ஏறினார். இதற்கிடையே 1855இல் வட்டுக்கோட்டைச் செமினரி மூடப்பட்டிருந்தது. அமெரிக்காவிலிருந்து வந்த சபைக் குழு ஆங்கிலக் கல்வியைவிடத் தாய்மொழிக் கல்வியே மிஷனுக்குப் பயன்படும் என்று முடிவு செய்ததன் விளைவு அது. யாழ்ப்பாணத்துப் பெற்றோர் பலருக்கு அம்முடிவு கசந்தது. ஆங்கிலம் கிடைக்கும் பள்ளியைத் தேடிப் போனார்கள். அந்தச் சூழலில்தான் 1864இல் கிறீன் மருத்துவ வகுப்பைத் தமிழில் தொடங்கினார்.

பாடநூல் வேண்டுமே! அப்போதைய சிறந்த ஆங்கில நூல்களையே அவர் தேர்ந்தெடுத்தார். தமிழ் மாணவனுக்கு எளிமைப்படுத்திய சுருக்கம் போதும் என்று அவர் நினைக்கவில்லை. ட்ரூயிட் எழுதிய அறுவை நூல் இரண வைத்தியம் என்ற பெயரில் 1867இல் வெளிவந்தது. கிரே எழுதிய உடற்கூற்று நூல் இலண்டனில் முதன்முதலில் வெளிவந்தது 1858இல். இன்றும் உலகெங்கும் மருத்துவ மாணவர்கள் புரட்டும் நூல் அது. அது பிறந்து 14 ஆண்டுகளில், 1872இல், மனுஷ அங்காதிபாதம் என்று தமிழில் வந்துவிட்டது. அதே ஆண்டில் நோயும் சிகிச்சையும் பற்றிய வைத்தியாகரம். 1875இல் கெமிஸ்தம். 1883இல் மனுஷ சுகரணம். எல்லாம் சேர்ந்து ஏறத்தாழ 4,500 பக்கங்கள். சில நூல்கள் கடல் கடந்து நாகர்கோவிலில் இருந்த இலண்டன் மிஷன் அச்சகத்தில் அச்சாயின.

இவற்றையெல்லாம் கிறீன் தனியாக எழுதவில்லை. அவரிடம் ஆங்கிலத்தில் மருத்துவம் கற்ற மாணவர்களே மொழிபெயர்த்தார்கள். அவர் வரிக்கு வரி மூலத்தோடு ஒப்பிட்டுத் திருத்தினார். மனுஷ அங்காதிபாதத்தைச் செய்தவர் சாப்மன். வைத்தியாகரத்தைச் செய்தவர் டான்வொர்த். கெமிஸ்தத்தைச் செய்தவர் சுவாமிநாதன். முதல் இருவரின் பெயரைக் கண்டு வெள்ளைக்காரர் என்று நினைத்துவிட வேண்டாம், அவர்கள் தமிழர்கள். மிஷன் பள்ளிகளில் படித்த பிள்ளைகளுக்கு, படிப்புச் செலவுக்குப் பணம் அனுப்பிய அமெரிக்கர்களின் பெயரைச் சூட்டும் வழக்கம் அன்று இருந்தது.  யாரோ முகம் தெரியாதவர் அனுப்பிய காசுக்காக ஒரு குழந்தையின் பெயரை மாற்றியதை எந்த இரக்கத்தின் கணக்கில் எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.

கலைச்சொல் ஆக்கத்தில் கிறீன் வகுத்துக்கொண்ட ஒழுங்கு தமிழ் மாணவர்கள் கவனிக்கத்தக்கது. ஒரு கருத்துக்குத் தமிழில் சொல் இருக்கிறதா என்று முதலில் தேட வேண்டும். இல்லையெனில் வடமொழியில் தேட வேண்டும். அங்கும் பொருந்தியது கிடைக்காவிட்டால் ஆங்கிலச் சொல்லையே தமிழ் ஒலிக்கும் தமிழ் விகுதிக்கும் இணங்க மாற்றிக்கொள்ள வேண்டும். மூன்றாவது வழிக்குக் கெமிஸ்தம் என்ற பெயரே நல்ல சான்று. இரண வைத்தியத்தில் உள்ள இரணம் புண்ணையும் காயத்தையும் குறிக்கும் சொல். அங்காதிபாதம் என்பதைப் பார்க்கும்போது நம் புலவர்கள் பாடிய பாதாதிகேசம் நினைவுக்கு வருகிறது. இன்று நாம் உடற்கூற்றியல், உடலியங்கியல், அறுவை மருத்துவம், வேதியியல் என்று சொல்கிறோம். இவை கிறீன் காலத்துச் சொற்களைவிடத் தமிழ்த்தன்மை மிக்கவை, ஐயமில்லை. ஆனால் அவருடைய சொற்களைக் கொண்டு ஒருவர் உண்மையிலேயே ஒரு காலை அறுத்து எடுத்தார், ஒரு குழந்தையை வெளியே எடுத்தார். 1870களில் அவர் கலைச்சொல் தொகுதிகளையும் வெளியிட்டார்.

மலேசியத் தமிழராகிய நமக்கு இக்கதை பழங்கதை அன்று. 2003இல் அறிவியலும் கணிதமும் ஆங்கிலத்தில் என்ற கொள்கை தமிழ்ப்பள்ளிகளுக்கும் வந்தபோது, தமிழில் அறிவியல் சொல்ல முடியுமா என்ற வாதம் வீட்டுக்கு வீடு நடந்தது. 2009இல் அக்கொள்கையைக் கைவிட அரசு முடிவு செய்தது. 2016இல் இருமொழித் திட்டம் வந்தபோது அதே வாதம் மறுபடியும் கிளம்பியது. அந்த வாதங்களில் கிறீனின் பெயர் அதிகம் ஒலித்ததாக எனக்கு நினைவில்லை. கிரேயின் நூல் 1872இலேயே தமிழில் இருந்தது என்ற ஒரு செய்தியாவது மேடைகளில் சொல்லப்பட்டிருக்கலாம்.

தமிழில் படித்தால் மட்டும் போதாது, தமிழராகவே இருக்க வேண்டும் என்றும் அவர் விரும்பினார். மதம் மாறியவர்கள் வேட்டியைக் களைந்து கால்சட்டைக்கு மாறுவது அவருக்குப் பிடிக்கவில்லை. தம் வகுப்பு மாணவர்கள் ஐரோப்பிய உடைக்கு மாறினால் வகுப்பின் சலுகைகளை இழப்பார்கள் என்று விதியே வைத்தார். கிறிஸ்தவரானால் என்ன, உடையும் உணவும் பழக்கமும் இம்மண்ணுக்குரியதாக இருக்கட்டும் என்பது அவர் கொள்கை. மாணவர்கள் இதை எப்படி ஏற்றிருப்பார்கள் என்று யோசிக்கத் தோன்றுகிறது. கால்சட்டை அணிந்த ஒருவர் வேட்டி கட்டச் சொல்வதில் ஒரு நெருடல் இருக்கத்தான் செய்கிறது. ஆயினும் அன்றைய ஆட்சியாளரும் மிஷனரிமாரில் பலரும் போன திசைக்கு இது நேர் எதிர்த்திசை.

1866, 1867ஆம் ஆண்டுகளில் யாழ்ப்பாணத்தைக் காலரா சூறையாடியது. ஊர்கள் வெறிச்சோடின. காலையில் நன்றாக இருந்தவர் மாலையில் பாடையில் போனார். தண்ணீர் வழியே இது பரவுகிறது என்று இலண்டனில் ஜான் ஸ்னோ 1854இல் காட்டியிருந்தும் மருத்துவ உலகம் முழுதும் அதை ஏற்றிருக்கவில்லை. கிருமியைக் காக் அடையாளம் கண்டதோ 1883–84இல். உடல் இழந்த நீரையும் உப்பையும் திருப்பி ஊட்டினால் பிழைக்க வைக்கலாம் என்ற இன்றைய எளிய முறை அன்று கையில் இல்லை. கையில் இருந்ததை எடுத்துக்கொண்டு கிறீனும் அவரிடம் பயின்றவர்களும் கிராமங்களுக்குச் சென்றார்கள். அவர்களால் எத்தனை உயிர்கள் பிழைத்தன என்பதைவிட, மற்றவர்கள் விலகி ஓடிய வீட்டுக்குள் அவர்கள் நுழைந்தார்கள் என்பதே அந்த ஆண்டுகளில் மக்கள் கண்ட காட்சி.

கிறீன் பிறந்த அதே 1822இல், இரண்டே மாதங்கள் கழித்து, நல்லூரில் ஒரு குழந்தை பிறந்தது. அவர்தான் ஆறுமுக நாவலர். மிஷனரிமாரின் மதமாற்றத்தை எதிர்த்து யாழ்ப்பாணத்துச் சைவத்தைத் தூக்கி நிறுத்தியவர். இளமையில் பீட்டர் பார்சிவலோடு இருந்து வேதாகமத் தமிழாக்கத்தில் உழைத்தவரும் அவரே. ஒரே தீபகற்பத்தில், ஒரே காலத்தில், சில மைல் தொலைவில் இருவரும் வாழ்ந்தார்கள். ஒருவர் கொள்கை மற்றவர் கொள்கைக்கு நேர்ப்பகை. இருவரும் தமிழ் உரைநடையில் அச்சு நூல்களைக் குவித்தார்கள். இருவரும் வேட்டி கட்டிய, தமிழில் கற்ற தலைமுறையையே விரும்பினார்கள். 1877இல் பஞ்சம் வந்தபோது நாவலர் வீடு வீடாகப் பொருள் திரட்டி ஏழைகளுக்குக் கஞ்சி ஊற்றினார். பசித்தவனுக்குத் திருநீற்றை மட்டும் கொடுத்தால் போதாது என்பது அவருக்கும் தெரிந்தே இருந்தது. இருவரில் யார் யாரிடம் கற்றார்கள் என்று தேடிப் போக வேண்டியதில்லை. அந்த மண்ணில் அன்று இருந்த துன்பமே இருவரையும் ஒரே வேலைக்கு இழுத்தது எனலாம்.

1873இல் உடல்நலம் குன்றிய கிறீன் குடும்பத்தோடு யாழ்ப்பாணத்தை விட்டுப் புறப்பட்டார். அதற்குள் அவரிடம் பயின்று மருத்துவரானவர்கள் அறுபதுக்கும் மேற்பட்டவர்கள். ஏறத்தாழப் பாதிப்பேர் தமிழிலேயே படித்தவர்கள். வூஸ்டரில் பிறந்த பண்ணையில் போய் உட்கார்ந்த பிறகும் அவர் ஓயவில்லை. கையெழுத்துப் படிகளும் அச்சுப் படிகளும் கப்பலில் போய் வந்துகொண்டிருந்தன. மானிப்பாயில் ஒரு பிழை திருத்தப்பட வேண்டுமானால் தாள் உலகத்தைப் பாதி சுற்றி வர வேண்டும். பனி பெய்யும் ஊரில், ஒரு வார்த்தை தமிழ் பேச ஆளில்லாத வீட்டில் உட்கார்ந்து, தமிழ் அச்சுப் படியை வரி வரியாகத் திருத்திக்கொண்டிருந்த அந்த மனிதரை எண்ணிப் பாருங்கள். மனுஷ சுகரணம் 1883இல் வெளிவந்தது. அடுத்த ஆண்டு, 1884 மே 28ஆம் நாள், அவர் காலமானார். தமிழர்களுக்கு மருத்துவச் சுவிசேஷகராக இருந்தவர் என்ற ஒரே அடையாளத்தையே தம் கல்லறையில் பொறிக்க வேண்டும் என்று கேட்டிருந்தார். வூஸ்டரில் உள்ள கல்லில் அது அப்படியே இருக்கிறது.

அவர் விட்டுச் சென்ற தமிழ் மருத்துவக் கல்வி நீண்ட நாள் நிலைக்கவில்லை. டான்வொர்த் முதலிய மாணவர்கள் சில காலம் தாங்கிப் பிடித்தார்கள். அரசாங்க வேலைக்கும் அங்கீகாரத்துக்கும் ஆங்கிலமே வழி என்று ஆன பிறகு, தமிழில் டாக்டராக யார் வருவார்? மாணவன் இல்லாத பாடநூலுக்கு மறுபதிப்பு வராது. 4,500 பக்கங்களும் மெல்ல மெல்ல அலமாரிக்குள் போயின. யாழ்ப்பாணத்தில் ஆங்கிலம் கற்ற இளைஞர்கள் அந்நூற்றாண்டின் இறுதியில் பினாங்குக்கும் தைப்பிங்குக்கும் கப்பலேறி ரயில்வே அலுவலகத்திலும் தோட்டக் கிராணி வேலையிலும் அமர்ந்ததும் அந்தக் காற்று வீசிய திசையில்தான். கிறீனை மறவாமல் எழுதியவர்களில் ஈழத்துக் கவிஞர் அம்பி முக்கியமானவர். மருத்துவத் தமிழ் முன்னோடி என்ற அவருடைய நூலைக் கிடைத்தால் படியுங்கள்.

மானிப்பாய் மருந்தகம் அமெரிக்க டாக்டர் இல்லாமல் இருபது ஆண்டுகள் கிடந்தது. 1893இல் தாமஸ் ஸ்காட்டும் அவர் மனைவி மேரியும் வந்தார்கள், இருவரும் மருத்துவர்கள். ஆண் டாக்டரிடம் வரத் தயங்கிய பெண்களுக்கென்று 1898இல் இணுவிலில் மக்லியோட் மருத்துவமனை எழுந்தது. மானிப்பாயில் உள்ள மருத்துவமனைக்குக் கிறீன் நினைவு மருத்துவமனை என்று பெயர். போரையும் இடப்பெயர்வையும் தாண்டி அது இன்றும் அந்தப் பெயரோடு இருக்கிறது. அங்கே நோயாளிகள் வலியைத் தமிழில் சொல்கிறார்கள்.